திப்பு சுல்தானின் மவ்லூதீ நாட்காட்டி: பெயர் மாற்றமும் காலக்கணிப்பும்

ஸ்ரீரங்கப்பட்டணத்து அரசு அலுவலகத்தில் எழுதப்பட்ட பாரசீக ஆவணம் ஒன்றில் 1215 என்னும் ஆண்டெண் காணப்படுகிறது எனக் கொள்க. அதனை மொழிபெயர்ப்பவர் ஹிஜ்ரி ஆண்டு எனக் கருதிக் கணக்கிட்டால் கி.பி. 1800-1801 என விடை வரும். திப்பு சுல்தான் 1799 மே 4ஆம் நாள் கோட்டைப் போரில் மாண்டார். ஆகவே ஆவணம் போலி என்றோ, எழுத்தர் பிழை செய்தார் என்றோ முடிவு கட்ட நேரும். இரண்டும் தவறு. அந்த 1215, திப்பு 1787இல் நடைமுறைப்படுத்திய மவ்லூதீ ஆண்டு; கி.பி. 1787-88க்கு உரியது. பதின்மூன்று ஆண்டு வேறுபாடு ஓர் ஆவணத்தின் நம்பகத்தையே குலைத்துவிடுகிறது.

நாட்காட்டி மாற்றம் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் வானியலையும் சமயத்தையும் பற்றியே பேசுகின்றன. மைசூர் அரசில் நிகழ்ந்த மாற்றம் முதன்மையாக மொழி பற்றியது. அங்கு மாறியவை பெயர்களும் ஆண்டெண்ணும். நாட்களின் ஓட்டம் மாறவில்லை. இதனை உணராதவரை மைசூர்ப் பாரசீக ஆவணங்களின் காலத்தைச் சரியாகக் கணிக்க இயலாது.

பின்னணி

ஹிஜ்ரி ஆண்டு தூய சந்திர ஆண்டு. ஏறத்தாழ 354 நாட்கள் கொண்ட அது, பருவங்களுக்குக் கட்டுப்படாமல் ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் பின்னோக்கி நகர்கிறது. உழவரோ அறுவடை முடிந்த பின்னரே வரி செலுத்த இயலும். இம்முரண்பாட்டை இந்தியாவில் ஆண்ட இசுலாமிய அரசுகள் அனைத்தும் எதிர்கொண்டன. அக்பர் 1584இல் இலாஹி என்னும் சூரிய ஆண்டினை அறிமுகம் செய்தார். விளைச்சலைக் குறிக்கும் அரபுச் சொல்லின் அடியாகப் பசலி ஆண்டுகள் தோன்றின. இலாஹி மறைந்தது. பசலி நிலைத்தது. தமிழக வருவாய்த்துறையில் ஜூலை முதல் நாள் தொடங்கும் பசலியும் அதனையொட்டிய ஜமாபந்தியும் இன்றும் வழக்கில் உள்ளன. துருக்கியில் உதுமானியர் நிதிக் கணக்குக்கெனத் தனிச் சூரிய ஆண்டினை வைத்துக்கொண்டதும் இதே காரணத்தால்தான்.

மைசூரில் இச்சிக்கலுக்கு விடை ஏற்கெனவே மக்களிடம் இருந்தது. உடையார் காலத்துக் கன்னடக் கல்வெட்டுகள் சாலிவாகன சக ஆண்டினையும் அறுபது ஆண்டுச் சுழற்சியின் சம்வத்ஸரப் பெயரையும் சேர்த்துக் குறித்தன. யுகாதியில் தொடங்கும் அந்த ஆண்டு, சந்திர மாதங்களால் ஆனது எனினும், வேண்டும்போது ஓர் அதிக மாதத்தைச் சேர்த்துப் பருவத்தோடு இணைந்தே செல்வது. திப்பு செய்தது, இந்தக் கட்டமைப்பினை எடுத்துக்கொண்டு அதன் மாதங்களுக்கும் ஆண்டுகளுக்கும் வேறு பெயர்கள் இட்டது. சைத்ர மாதம் அஹ்மதீ மாதமாயிற்று. குரோதி ஆண்டு அஸல் ஆண்டாயிற்று.

எழுத்தே எண்ணாதல்

1784ஐ ஒட்டி நிகழ்ந்த முதல் மாற்றத்தில் ஆண்டெண் ஹிஜ்ரியாகவே இருந்தது. மாதப் பெயர்கள் மட்டும் புதியவை: அஹ்மதீ, பஹாரீ, ஜாஃபரீ, தாராயீ, ஹாஷிமீ, வாஸியீ, ஸபர்ஜதீ, ஹைதரீ, துலூயீ, யூசுஃபீ, ஈஸதீ, பயாஸீ. மேற்போக்காகப் பார்ப்பவர்க்கு இவை பக்தியும் புகழும் கலந்த பெயர்களாகவே தோன்றும். இவற்றின் அடியில் ஓர் எண்முறை உள்ளது.

அரபு எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. 'பிஸ்மில்லாஹ்' தொடரின் எழுத்துகளைக் கூட்டினால் 786 வரும் என்பது தமிழகத்துக் கடைப்பலகைகளைப் பார்த்தவர் அனைவரும் அறிந்தது. அபஜத் எனப்படும் அம்முறையில் அலிஃப் 1, பே 2, ஜீம் 3, தால் 4, சிறிய ஹே 5, வாவ் 6, ஸே 7, பெரிய ஹே 8, தோய் 9, யே 10. மாதப் பெயரின் முதலெழுத்தே அம்மாதத்தின் வரிசை எண். பதினொன்றாம் மாதத்துக்கு ஓரெழுத்து போதாது. எனவே ஈஸதீ என்னும் பெயர் அலிஃபும் யேயும் சேர்ந்து தொடங்குகிறது. பயாஸீயின் முதல் இரண்டெழுத்துகள் பேயும் யேயும், கூட்டினால் பன்னிரண்டு.

கர்நாடக இசை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. மேளகர்த்தா இராகப் பெயர்களின் முதல் இரண்டெழுத்துகள் கடபயாதி முறைப்படி அந்த இராகத்தின் எண்ணைத் தருகின்றன. 'மாயா' எனத் தொடங்குவதால் மாயாமாளவகௌளை பதினைந்தாவது மேளம். 'மேச' எனத் தொடங்குவதால் மேசகல்யாணி அறுபத்தைந்தாவது மேளம். எண்ணுக்குப் பொருந்தும் வகையில் பெயரின் முன்னே அசை சேர்ப்பது தென்னாட்டுப் புலமை மரபில் பழகிய செயல். திப்புவின் அவையினர் கடபயாதியைப் பார்த்துச் செய்தனர் என்று கூறச் சான்று வேண்டும். இரு மரபுகளும் ஒரே மண்ணில் அருகருகே வாழ்ந்தன என்ற அளவில் நிறுத்துவதே முறை.

ஆண்டுப் பெயர்களில் முதலெழுத்து மட்டுமன்றி எல்லா எழுத்துகளும் கூட்டப்பட்டன. அஸல் என்பதில் அலிஃப் 1, ஸே 7, லாம் 30, ஆக 38. அறுபது ஆண்டுச் சுழற்சியில் குரோதி முப்பத்தெட்டாவது ஆண்டு. ஜலோ 39, விசுவாவசு. தலோ 40, பராபவ. இந்துச் சுழற்சியின் வரிசை எண்ணே பாரசீகச் சொல்லுக்குள் பொதிந்து வைக்கப்பட்டது.

இரண்டாம் மாற்றம்

1787இல், பிலவங்க ஆண்டுத் தொடக்கத்தையொட்டி, இரண்டு மாற்றங்கள் ஒருசேர வந்தன. ஹிஜ்ரத்துக்குப் பதிலாக நபிகள் நாயகத்தின் பிறப்பு ஆண்டுத் தொடக்கமாயிற்று. மவ்லூதீ என்னும் பெயர் அதனால் வந்தது. தமிழ் முசுலிம்கள் ஓதும் மவ்லிதும் அதே வேர்ச்சொல்லில் பிறந்ததே. ஹிஜ்ரி 1201 முடியும் முன்னரே மைசூர் ஆவணங்கள் 1215 என்று எழுதத் தொடங்கின.

இந்த 1215 தனியே ஆராயத்தக்கது. மரபுக் கணக்கில் பிறப்புக்கும் ஹிஜ்ரத்துக்கும் இடையே 53 சந்திர ஆண்டுகள். அப்படியாயின் புதிய எண் 1254ஐ ஒட்டி இருக்கவேண்டும். வேறுபாடு பதினான்கு மட்டுமே ஆனதன் காரணம், புதிய எண் ஹிஜ்ரியோடு எதையும் கூட்டிப் பெற்றதன்று. பருவத்தோடு செல்லும் ஆண்டுகளைக் கி.பி. 572 அளவிலிருந்து எண்ணிப் பெற்றது. ஆகவே மவ்லூதீ எண்ணோடு 572ஐக் கூட்டினால் அந்த ஆண்டு தொடங்கும் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். மவ்லூதீ எண்ணுக்கும் ஹிஜ்ரி எண்ணுக்கும் இடையில் மாறாத வேறுபாடு ஒன்றும் இல்லை.

மற்றொரு மாற்றம் எழுத்தெண் முறையில். அபஜத் கைவிடப்பட்டு, அகரவரிசைப்படி மதிப்புத் தரும் அப்தஸ் முறை வந்தது. அலிஃப் முதல் ரே வரை 1 முதல் 10. அதன்பின் ஸே 20, ஸீன் 30, ஷீன் 40 எனச் செல்வது. இதனால் மாதப் பெயர்கள் இவ்வாறாயின: அஹ்மதீ, பஹாரீ, தகீ, ஸமரீ, ஜாஃபரீ, ஹைதரீ, குஸ்ரவீ, தீனீ, ஸாகிரீ, ரஹ்மானீ, ராஸீ, ரப்பானீ. இறுதி மூன்றும் ரே எழுத்தில் தொடங்குவது தற்செயலன்று. ரே 10, ரேயும் அலிஃபும் 11, ரேயும் பேயும் 12.

ஆண்டுப் பெயர்கள் 1215 முதல் முறையே ஷா, ஸாரா, ஸராப், ஷிதா, ஸபர்ஜத், ஸஹர், ஸாஹிர், ராஸிக், ஷாத், ஹிராஸத், ஸாஸ், ஷாதாப், பாரிஷ். ஷா என்பதில் ஷீன் 40, அலிஃப் 1. கூட்டினால் பிலவங்கத்தின் 41. பாரிஷ் என்பதில் 2, 1, 10, 40. கூட்டினால் சித்தார்த்தியின் 53. இடையில் உள்ள ஒவ்வொரு பெயரும் இவ்வாறே பிழையின்றி அமைகிறது. பொருளுடைய சொற்களாகவும் அவை இருக்கவேண்டும் என்பதில் அமைத்தவர்கள் கருத்தாயிருந்தனர்: ஸராப் கானல், ஷிதா குளிர்காலம், ஸஹர் வைகறை, ஸாஹிர் மந்திரவாதி, பாரிஷ் மழை. குளிர்காலம் என்பது அவ்வாண்டின் பருவத்தைக் குறிப்பதன்று என மொழிபெயர்ப்பாளர் நினைவில் கொள்ளவேண்டும். கூட்டுத்தொகை 44 ஆக வேண்டும். அதற்குக் கிடைத்த சொல் அது. பெயரைப் பொருள்பெயர்த்து எழுதுவோர் அதன் பயனை இழப்பர்.

காசுகளில் இன்னொரு புதுமையும் உண்டு. மவ்லூதீ ஆண்டுகளை அரபு எழுத்தின் போக்கையொட்டி வலமிருந்து இடமாகப் பொறித்தனர். வழக்கப்படி இடமிருந்து படித்தால் 1215 என்பது 5121 எனத் தோன்றும். எப்பக்கம் படித்தாலும் மாறாத ஆண்டு 1221 ஒன்றே.

குழப்பம் தரும் பெயர்கள்

இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டால் பெயர்கள் மூவகையாகப் பிரியும். அஹ்மதீயும் பஹாரீயும் இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்பவை, இடர் இல்லை. தாராயீ, யூசுஃபீ போன்றவை பழைய பட்டியலில் மட்டும், தகீ, ரப்பானீ போன்றவை புதியதில் மட்டும் உள்ளவை. இவை இடர் தராமல், உதவியே செய்கின்றன. கிருஷ்ணராஜசாகரத்தில் வைக்கப்பட்டுள்ள திப்புவின் பாரசீகக் கல்வெட்டில் தகீ மாதம் குறிக்கப்பட்டுள்ளது. ஆண்டெண் சிதைந்திருந்தாலும்கூட, மாதப் பெயர் ஒன்றைக் கொண்டே அது 1787க்கு முற்பட்டதன்று எனக் கூறிவிட முடியும்.

எஞ்சியவை ஜாஃபரீயும் ஹைதரீயும். ஜாஃபரீ பழைய முறையில் மூன்றாம் மாதமாகிய ஜ்யேஷ்டம். புதிய முறையில் ஐந்தாம் மாதமாகிய சிராவணம். ஹைதரீ முன்னதில் எட்டாவதாகிய கார்த்திகம். பின்னதில் ஆறாவதாகிய பாத்ரபதம். ஆண்டு தெரியாத கடிதத்தில் ஹைதரீ என்று மட்டும் இருந்தால் இரண்டு மாத வேறுபாடு எழும். படைகள் எப்போது எங்கிருந்தன என்பதை ஆராய்வோர்க்கு இரண்டு மாதம் சிறிதன்று. ஒன்று மழைக்கு நடுவே, மற்றது தசராவுக்குப் பின்.

போதாக்குறைக்கு நாணயங்களும் இதே பெயர்களைத் தாங்கின. அஹ்மதீ ஒரு பொற்காசு. ஹைதரீ இரட்டை ரூபாய். ஜாஃபரீ ரூபாயில் எட்டில் ஒரு பங்கு. 'பத்து ஹைதரீ' என்னும் தொடர் பத்தாம் நாளா, இருபது ரூபாயா என்பதை வாக்கியத்தைக் கொண்டே துணியவேண்டும். ஸபர்ஜத் என்னும் சொல்லும் அவ்வாறே. ஈறு பெற்று ஸபர்ஜதீ என வந்தால் பழைய முறையின் ஏழாம் மாதம். ஈறின்றி வந்தால் புதிய முறையின் 45ஆம் ஆண்டு.

திப்புவின் கடிதங்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் 1811இல் வெளியிட்ட வில்லியம் கிர்க்பாட்ரிக், கடிதங்களின் காலத்தை நிறுவுவதற்காகவே இந்நாட்காட்டியைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. கம்பெனிப் படை அதிகாரியாகிய அவர் திப்புவிடம் பரிவு கொண்டவரல்லர். சுல்தானின் புதுமைகளை இகழ்ச்சியோடே நோக்கினார். ஆயினும் பெயர்ப்பட்டியல்களைப் பொறுத்தவரை அவரது உழைப்பு மறுக்கத்தக்கதன்று. இருபதாம் நூற்றாண்டில் டெய்லர், ஹெண்டர்சன் ஆகியோர் காசுகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் அவ்வரிசையைத் தெளிவுபடுத்தின.

நாட்கள் மாறிய இடங்கள்

மைசூர் மாற்றத்தின் தன்மை, பிற நாடுகளின் மாற்றங்களோடு வைத்துப் பார்க்கும்போது விளங்கும். கத்தோலிக்க நாடுகள் சில 1582இல் அக்டோபர் 4க்கு மறுநாளை 15 என்றன. பிரிட்டன் 1752 செப்டம்பர் 2க்கு மறுநாளை 14 என்றது. ரஷ்யா 1918 ஜனவரி 31க்கு மறுநாளைப் பிப்ரவரி 14 ஆக்கியது. இங்கெல்லாம் மாதப் பெயர்கள் அப்படியே இருந்தன; நாளின் எண் மாறியது.

இதன் விளைவைச் சோழமண்டலக் கடற்கரையே கண்டிருக்கிறது. 1746இல் லபூர்தொனே சென்னைக் கோட்டையைக் கைப்பற்றிய நாள், ஆங்கிலேயர் ஏட்டில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் ஏட்டில் செப்டம்பர் 21. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே பதினொரு நாள் வேறுபாடு. புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அது அட்சய ஆண்டுப் புரட்டாசி. இரு ஐரோப்பிய ஏடுகளையும் இணைக்கத் தமிழ்த் தேதியே பாலமாக அமைவது சுவையானது.

பிரான்சின் குடியரசு நாட்காட்டி பெயரையும் நாளையும் ஒருங்கே மாற்றியது. 1793இல் நடைமுறைக்கு வந்த அதில் பனி, மழை, அறுவடை ஆகியவற்றின் அடியாகப் புதிய மாதப் பெயர்கள் ஆக்கப்பட்டன. ஏழு நாள் வாரம் பத்து நாளாயிற்று. ஓய்வுநாள் தள்ளிப்போனதை மக்கள் விரும்பவில்லை. 1806 ஜனவரி முதல் நாள் அது நீங்கியது. பிரெஞ்சு உறவைக் காரணம் காட்டித் திப்பு அவர்களைப் பின்பற்றினார் என்று கருதுவோர், மைசூர் மாற்றம் ஆண்டுகள் பல முந்தியது என்பதை நோக்கவேண்டும்.

மைசூரில் எந்த உழவனும் ஒரு நாளையும் இழக்கவில்லை. சந்தை நாள், அமாவாசை, யுகாதி யாவும் அதனதன் இடத்தில் இருந்தன. மாற்றம் அலுவலக மொழியில் நின்றது. ஆயினும் ஒரு பகுதியில் அது சற்று ஆழமாகப் பட்டிருக்க வேண்டும். கொங்கு நாடும் திண்டுக்கல்லும் அப்போது மைசூர் ஆட்சியில் இருந்தன. தமிழ் மக்கள் அறுபது ஆண்டுப் பெயர்களைச் சூரிய மாதமாகிய சித்திரையிலிருந்து எண்ணுவோர். யுகாதிக்கும் சித்திரை முதல் நாளுக்கும் இடைப்பட்ட நாட்களில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிலவங்கம் பிறந்திருக்கும். கோயம்புத்தூரில் இன்னும் பராபவம் நடந்துகொண்டிருக்கும். தமிழ்ப் பகுதி ஆவணங்களை மவ்லூதீ ஆண்டோடு இணைப்பவர் இந்த இடைவெளியைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

1799இல் திப்பு இறந்தபோது பாரிஷ் ஆண்டின் முதல் மாதம் அஹ்மதீ முடியும் தறுவாயில் இருந்தது. அதன்பின் ஆண்டுப் பெயர் தேவைப்படவில்லை. உடையார் ஆட்சி மீண்டபோது சம்வத்ஸரங்களும் அரசு ஏட்டில் மீண்டன. மக்கள் வழக்கில் அவை நீங்கியிருக்கவே இல்லை. ஊர்ப்பெயர்களின் கதி ஒரே சீராக இல்லை. திண்டுக்கல்லுக்கு இட்ட காலிகாபாத், சத்தியமங்கலத்துக்கு இட்ட ஸலாமாபாத் என்பவை காசுகளோடு நின்றன. மைசூரை ஒட்டி எழுப்பிய கோட்டைக்கு இட்ட நஸர்பாத் மட்டும் இன்றும் அந்நகரின் ஒரு பகுதிப் பெயராக வழங்குகிறது. பழைய பெயர் ஏதும் எதிர்த்து நிற்காத இடத்தில் புதிய பெயர் தங்கியது போலும்.

விடுதலை பெற்ற இந்தியா இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டது. 1952இல் மேகநாத சாகா தலைமையில் அமைந்த குழு, நாட்டில் வழங்கிய சுமார் 30 பஞ்சாங்கங்களை ஆராய்ந்து பொதுவான தேசிய நாட்காட்டியைப் பரிந்துரைத்தது. 1957 மார்ச் 22, சக ஆண்டு 1879 சைத்ர முதல் நாளாயிற்று. இங்குப் பெயர்கள் பழையவை, உள்ளீடு புதிது. சந்திரனைச் சாராத, நாட்கணக்கு உறுதியான மாதத்துக்கே சைத்ரம் என்று பெயர். ஆகையால் யுகாதியில் பிறக்கும் சைத்ரம், மார்ச் 22இல் பிறக்கும் சைத்ரம், ஏப்ரல் நடுவில் பிறக்கும் தமிழ்ச் சித்திரை என மூன்று பொருள்கள் ஒரே சொற்குடும்பத்தில் நிற்கின்றன. அரசிதழின் சைத்ரத்தைச் சித்திரை என்று தமிழாக்குவது மூன்று வாரப் பிழை.

தமிழில் எழுதும்போது

மவ்லூதீப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் பெயர்க்கையில் தனிச்சிக்கல் ஒன்று எழுகிறது. ஹாஷிமீயின் முதலெழுத்துச் சிறிய ஹே. ஹைதரீயின் முதலெழுத்துப் பெரிய ஹே. அபஜத்தில் முன்னது 5, பின்னது 8. தமிழில் இரண்டும் 'ஹ'. ஸமரீ, ஸாகிரீ, ஸஹர், ஸபர்ஜத் ஆகிய நான்கும் மூலத்தில் வெவ்வேறு நான்கு எழுத்துகளில் தொடங்குகின்றன. தமிழில் எல்லாம் 'ஸ'. கிரந்தத்தையும் தவிர்த்து எழுதினால் 'ச' ஆகும். ஒலி ஓரளவு நிற்கும். எண் முற்றாக மறையும். பெயருக்குள் எண்ணை வைத்த முறையில் எண் மறைவது பொருள் மறைவதே. ஆய்வுப் பதிப்புகளில் பெயரை ஒலிபெயர்த்து, அதனருகே வரிசை எண்ணையும் நிகரான சம்வத்ஸரம், மாதம் ஆகியவற்றையும் தருவது இதனால் தேவையாகிறது. காட்டாக, ஸாஹிர் ஆண்டு ஹைதரீ மாதம் 10ஆம் நாள் என வருமிடத்தில், ஸாஹிர் 47, பிரமாதீச, மவ்லூதீ 1221, கி.பி. 1793-94, ஹைதரீ 6, பாத்ரபதம் என்னும் குறிப்பு உடன் நிற்கவேண்டும். ஆண்டுப் பெயர் ஷாவுக்கு முற்பட்டதாயின் ஹைதரீக்கு எதிரே 8 எனவும் கார்த்திகம் எனவும் எழுதவேண்டும்.